எட்டாவது குதிரை ஓடாத நாள்

வேலைக்காக இங்கிலாந்து வந்த முதல் ஆண்டு, ஏப்ரல் மாதத்தில் கிராண்ட் நேஷனல் என்ற பெரிய குதிரைப் பந்தயம் நடக்கும் சனிக்கிழமையன்று, வெம்பிளிக்கு அருகே இருந்த ஒரு பந்தயக் கடைக்குள் முதன்முறையாக நுழைந்தேன். ஆண்டு முழுவதும் குதிரையைத் திரும்பிப் பார்க்காதவர்களும் அன்று ஒரு சீட்டு எழுதுவார்கள் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். சுவரை ஒட்டிய பலகையில் இருந்த குட்டைப் பேனாவை எடுத்து, குதிரையின் பெயரையும், பக்கத்தில் ‘5 பவுண்டு ஈச்-வே’ என்பதையும் எழுதி, கண்ணாடித் தடுப்புக்குக் கீழே ஐந்து பவுண்டு நோட்டுடன் நீட்டினேன். உள்ளே இருந்த பெண் சீட்டைப் பார்த்துவிட்டுப் பத்து பவுண்டு கேட்டார். என் கையெழுத்தை அவர் தவறாகப் படித்துவிட்டார் என்று நினைத்து ஐந்து என்பதை அழுத்திச் சொன்னேன். அவரும் பத்து என்பதை அழுத்திச் சொன்னார்.

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றிருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். அறுபது வயது இருக்கும். “தம்பி, ஈச்-வே எண்டா ரெண்டு பந்தயம். வின்னுக்கு ஐஞ்சு, பிளேசுக்கு ஐஞ்சு. பத்துத்தான் கட்டவேணும்” என்றார். நான் இன்னொரு ஐந்து பவுண்டைக் கொடுத்தேன். அன்று என் குதிரை முதல் சுற்றிலேயே விழுந்துவிட்டது என்பதைத் தவிர அந்தப் பந்தயத்தைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அந்த அண்ணை சொன்ன ‘ரெண்டு பந்தயம்’ என்ற சொற்களின் முழுப் பொருளை உணர எனக்குப் பல மாதங்கள் பிடித்தன.

குதிரை வென்றால் நிறையப் பணம், தோற்றாலும் அருகில் வந்தால் கொஞ்சம் பணம் என்று, காப்பீடு சேர்த்த ஒரே பந்தயமாகத்தான் ஈச்-வேயைப் பெரும்பாலோர் புரிந்துகொள்கிறார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். உண்மையில் ஒரு சீட்டில் எழுதப்பட்ட, ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் தனித்தனியாகத் தீர்க்கப்படும் இரண்டு பந்தயங்கள் அவை. முதலாவது, குதிரை முதலாவதாக வரும் என்பது. இரண்டாவது, அது குறிப்பிட்ட இடங்களுக்குள் வரும் என்பது. விலை என்பது கட்டும் பணத்துக்குக் கிடைக்கும் இலாபத்தின் விகிதம்; 10/1 என்றால் ஒரு பவுண்டுக்குப் பத்து, 7/2 என்றால் இரண்டு பவுண்டுக்கு ஏழு. அந்த இரண்டாவதற்கான விலை வெற்றிக்கான விலையின் ஒரு பின்னம். பெரும்பாலும் நான்கில் ஒன்று அல்லது ஐந்தில் ஒன்று. 10/1 விலையுள்ள ஒரு குதிரையின் மீது 5 பவுண்டு ஈச்-வே வைத்து, இடப் பின்னம் ஐந்தில் ஒன்றாக இருந்தால், இடப் பந்தயத்தின் விலை 2/1 ஆகிறது. குதிரை வென்றால் வெற்றிப் பகுதிக்கு 55 பவுண்டும் இடப் பகுதிக்கு 15 பவுண்டுமாக, கட்டிய பணத்தோடு சேர்த்து 70 பவுண்டு வரும். இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வந்தால் வெற்றிப் பகுதியின் 5 பவுண்டு போய்விடும். இடப் பகுதியின் 15 மட்டும் வரும். வெல்லும் குதிரையும் இடம்பிடித்த குதிரைதான் என்பதால் வெற்றியின்போது இரண்டு பகுதிகளும் பணம் தருகின்றன. இதைப் புதிதாக வருபவர்கள் பலர் கவனிப்பதில்லை.

எத்தனை இடங்கள், எந்தப் பின்னம் என்பதை ஓடும் குதிரைகளின் எண்ணிக்கையும் பந்தயத்தின் வகையும் முடிவு செய்கின்றன. பிரிட்டனில் வழக்கமாக நடைமுறையில் உள்ள ஏற்பாட்டின்படி, நான்கு குதிரைகளோ அதற்குக் குறைவாகவோ ஓடினால் இடப் பந்தயமே கிடையாது. ஐந்து முதல் ஏழு வரை என்றால் முதல் இரண்டு இடங்களுக்கு நான்கில் ஒன்று. எட்டோ அதற்கு மேலோ என்றால் முதல் மூன்று இடங்களுக்கு ஐந்தில் ஒன்று. ஹேண்டிகேப் பந்தயமாக இருந்து பன்னிரண்டு முதல் பதினைந்து குதிரைகள் ஓடினால் மூன்று இடங்களுக்கு நான்கில் ஒன்று. பதினாறோ அதற்கு மேலோ என்றால் நான்கு இடங்களுக்கு நான்கில் ஒன்று. ஹேண்டிகேப் என்பது, திறமையான குதிரைக்கு அதிக எடையும் மற்றவற்றுக்குக் குறைந்த எடையும் ஏற்றி, எல்லாக் குதிரைகளையும் சம வாய்ப்புக்குக் கொண்டுவர முயலும் பந்தய வகை.

இடம்பிடித்துவிட்டால் நட்டம் இல்லை என்ற நம்பிக்கையும் எனக்கு இருந்தது. அதைக் கலைத்தது ரெட் ரம் என்ற குதிரையின் வரலாறு. ஏன்ட்ரீ மைதானத்தில் நடக்கும் கிராண்ட் நேஷனலை மூன்று முறை, அதாவது 1973, 1974, 1977 ஆகிய ஆண்டுகளில் வென்ற குதிரை அது. இடையில் இருந்த 1975, 1976 ஆகிய இரு ஆண்டுகளிலும் இரண்டாவதாக வந்தது. ஐந்து ஆண்டுகளும் அதன் மீது ஈச்-வே வைத்தவருக்கு ஐந்து முறையும் பணம் வந்திருக்கும் என்று பேச்சில் சொல்வார்கள். வந்திருக்கும் என்பது சரி. ஆனால் 1975இல் ரெட் ரம் 7/2 விலையில் ஃபேவரிட்டாக, அதாவது பட்டியலிலேயே மிகக் குறைந்த விலையுள்ள குதிரையாக ஓடியது. இன்றைய நான்கில் ஒன்று என்ற பின்னத்தை வைத்துக் கணக்குப் போட்டால் இட விலை 7/8. பத்து பவுண்டு ஈச்-வே, அதாவது 20 பவுண்டு கட்டியவருக்குக் கிடைப்பது 18 பவுண்டு 75 பென்ஸ். குதிரை இரண்டாவதாக வந்தும் 1 பவுண்டு 25 பென்ஸ் நட்டம். மறு ஆண்டு அதே குதிரை, அதே இரண்டாம் இடம், ஆனால் விலை 10/1. அதே கணக்கில் 20 பவுண்டுக்கு 35 பவுண்டு. நான்கில் ஒன்று என்றால் 4/1, ஐந்தில் ஒன்று என்றால் 5/1 என்பதுதான் எல்லைக்கோடு. அதற்குக் குறைந்த விலையில், வெல்லாமல் இடம் மட்டும் பிடிக்கும் குதிரை கட்டிய பணத்தைக்கூட முழுதாகத் திருப்பித் தராது. 2/1 குதிரையின் மீது பாதுகாப்புக்காக ஈச்-வே எழுதுபவர்களை இன்றும் பார்க்கிறேன். அந்தச் சொல் அங்கே பொருந்தாது என்பதை அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

1973ஆம் ஆண்டுப் பந்தயம் இதற்கு நேர்மாறான பாடம். ரெட் ரம்மும் கிரிஸ்ப் என்ற குதிரையும் 9/1 விலையில் கூட்டு ஃபேவரிட்டுகளாக இருந்தன. கிரிஸ்ப் 12 ஸ்டோன் எடையைச் சுமந்தது (ஒரு ஸ்டோன் என்பது 14 பவுண்டு எடை). ரெட் ரம் சுமந்தது 10 ஸ்டோன் 5 பவுண்டு. ஏறத்தாழ பந்தயம் முழுவதும் வெகுதூரம் முன்னே ஓடிய கிரிஸ்ப், கடைசித் தடுப்பைத் தாண்டிய பிறகு கால் தளர்ந்து, முடிவுக்கோட்டின் வாசலில் முக்கால் குதிரை நீளத்தில் தோற்றது. அந்தப் பழைய ஒளிப்பதிவை எத்தனை முறை பார்த்தாலும் கிரிஸ்ப் இந்த முறை தாங்கிவிடாதா என்று நெஞ்சு பதைக்கிறது. அதன் மீது வெற்றிக்கு மட்டும் பணம் வைத்தவருக்கு எதுவும் இல்லை. இன்றைய பின்னத்தில் பத்து பவுண்டு ஈச்-வே வைத்திருந்தால் 32 பவுண்டு 50 பென்ஸ் கிடைத்திருக்கும். முடிவுக்கோட்டருகே கைநழுவிப்போன பந்தயத்தில் அது பெரிய ஆறுதல்.

இனி என் சொந்த நட்டம். அந்த அண்ணையை அதே கடையில் சனிக்கிழமைகளில் அடிக்கடி சந்திக்கலானேன். குளிர்காலத்தில் ஒருநாள், ஹேண்டிகேப் அல்லாத ஒரு ஹர்டில் பந்தயத்தில் (சிறிய தடுப்புகளைத் தாண்டி ஓடுவது) எட்டுக் குதிரைகள் அறிவிக்கப்பட்டிருந்தன. காலையிலேயே 10/1 விலையில் ஒரு குதிரையின் மீது 5 பவுண்டு ஈச்-வே எழுதிவிட்டு, கடைத்தெரு வேலைகளை முடித்துக்கொண்டு பிற்பகலில் திரும்பினேன். குதிரை நன்றாக ஓடி மூன்றாவதாக வந்தது. 15 பவுண்டை எதிர்பார்த்துச் சீட்டை நீட்டியபோது கடைப்பெண் தலையை அசைத்தார். 20/1 விலையில் இருந்த, யாரும் பொருட்படுத்தாத ஒரு குதிரை மதியம் விலக்கிக்கொள்ளப்பட்டிருந்தது. ஓடியவை ஏழு, ஏழு என்றால் இரண்டு இடங்கள்தான். சீட்டை மடித்தபடி நின்ற என்னிடம் அண்ணை, “எத்தினை பேர் எண்டு பாக்கிறேல்லையோ தம்பி? எட்டெண்டா எப்பவும் பயம். ஒண்டு போனா மூண்டாவது இடமும் அதோட போயிடும்” என்றார்.

இடங்களின் எண்ணிக்கையை முடிவு செய்வது நாம் சீட்டு எழுதும்போது இருந்த பட்டியல் அல்ல, பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டரின் கட்டளைக்குக் கீழே வந்து நிற்கும் குதிரைகள்தான் என்பதை அன்றுதான் என் பணத்தால் கற்றேன். சரியாக எட்டுக் குதிரைகள் உள்ள பந்தயத்தை இங்கே ‘டெட் எய்ட்’ என்பார்கள். ஒரு குதிரைக்கு இருமல் வந்தாலோ, மழை நின்று மைதானம் காய்ந்துவிட்டது என்று ஒரு பயிற்சியாளர் கருதினாலோ, நமக்கு எந்தத் தொடர்பும் இல்லாத அந்த முடிவு நம் சீட்டின் பாதியை மாற்றிவிடுகிறது.

அந்த இரவு உட்கார்ந்து போட்ட கணக்குதான் இந்த விஷயத்தின் மையத்துக்கு என்னை அழைத்துச் சென்றது. வெற்றிக்கான விலையைச் சந்தை நிர்ணயிக்கிறது. குதிரையின் திறன், ஜாக்கி, மைதானத்தின் ஈரம் ஆகிய அனைத்தும் அதில் அடங்குகின்றன. இடத்துக்கான விலையையோ யாரும் எடைபோடுவதில்லை. அது வெற்றி விலையை நான்காலோ ஐந்தாலோ வகுத்துக் கிடைக்கும் எண், அவ்வளவுதான். குதிரை முதல் மூன்றுக்குள் வரும் உண்மையான வாய்ப்புக்கும் அந்த எண்ணுக்கும் பொருத்தம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

எல்லாக் குதிரைகளுக்கும் சம வாய்ப்பு, பந்தயம் ஏற்கும் புக்மேக்கருக்கு இலாபமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். எட்டுக் குதிரைகள் என்றால் நியாயமான வெற்றி விலை 7/1. ஐந்தில் ஒன்று என்பதால் இட விலை 7/5. எட்டில் மூன்று வாய்ப்பு; வைக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் சராசரியாகத் திரும்புவது 90 பென்ஸ். ஏழு குதிரைகள் என்றால் வெற்றி விலை 6/1, இட விலை 3/2, வாய்ப்பு ஏழில் இரண்டு. திரும்புவது 71 பென்ஸ். ஐந்து குதிரைகளுக்கு அது 80 பென்ஸ் ஆகிறது. அதாவது ஏழு குதிரைப் பந்தயம் ஐந்து குதிரைப் பந்தயத்தைவிட மோசமானது. பதினைந்து குதிரை ஹேண்டிகேப்பில் வெற்றி விலை 14/1, இட விலை 7/2, வாய்ப்பு ஐந்தில் ஒன்று. மீண்டும் 90 பென்ஸ். இதோடு ஒரே ஒரு குதிரையைச் சேர்த்துப் பதினாறாக்கினால் வெற்றி விலை 15/1, இட விலை 15/4, வாய்ப்பு பதினாறில் நான்கு, அதாவது கால் பங்கு. திரும்புவது 1 பவுண்டு 19 பென்ஸ். இந்த எண் வந்தபோது நான் தவறு செய்துவிட்டேன் என்று நினைத்து இரண்டு முறை சரிபார்த்தேன். தவறு இல்லை. பதினைந்துக்கும் பதினாறுக்கும் நடுவில்தான் இந்த விளையாட்டின் மிகப் பெரிய படி இருக்கிறது.

புக்மேக்கர் இலாபமின்றிக் கடை நடத்துவதில்லை என்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். பதினாறு குதிரைகளுக்கும் 15/1க்குப் பதிலாக 12/1 கொடுக்கப்படுகிறது என்று கொள்வோம். அப்போது வெற்றிப் பகுதியில் ஒவ்வொரு பவுண்டுக்கும் 81 பென்ஸ் திரும்புகிறது. இட விலை 3/1, வாய்ப்பு நான்கில் ஒன்று என்பதால் இடப் பகுதியில் சரியாக ஒரு பவுண்டு திரும்புகிறது. இரண்டு பவுண்டு கட்டினால் சராசரியாக 1 பவுண்டு 81 பென்ஸ். அதாவது இடப் பகுதி தன் காலில் நிற்கிறது. வெற்றிப் பகுதி சுமையாகத் தொங்குகிறது. ஆனால் ஈச்-வே சீட்டில் இரண்டும் சம அளவில்தான் வைக்க முடியும். நல்லதை மட்டும் பிரித்தெடுக்க வழியில்லை. பதினைந்து குதிரைகள் 11/1 விலையில் ஓடினால் இதே கணக்கு இரண்டு பவுண்டுக்கு 1 பவுண்டு 55 பென்ஸில் வந்து நிற்கிறது.

வகுத்தலால் வரும் விலை குதிரையின் உண்மை நிலையிலிருந்து வெகுவாக விலகும் இடம் இன்னொன்று உண்டு. அதைத்தான் இங்குள்ள பழகிய பந்தயக்காரர்கள் தேடிக்கொண்டிருப்பார்கள். ஹேண்டிகேப் அல்லாத, எட்டு அல்லது ஒன்பது குதிரைகள் உள்ள பந்தயம். அதில் ஒரு குதிரை மற்றவற்றைவிட மிகவும் உயர்ந்தது. இரண்டாவது குதிரை நல்லது. மீதி எல்லாம் பேருக்கு ஓடுபவை. முதல் குதிரையின் வெற்றி வாய்ப்பு 70 விழுக்காடு, இரண்டாவதற்கு 12, மற்ற ஆறுக்கும் தலா 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது குதிரை 6/1 விலையில் இருந்தால் வெற்றிப் பகுதி சுமாரானதுதான். ஆனால் அது மூன்றுக்குள் வரும் வாய்ப்பை, முந்திய இடத்தைப் பிடித்த குதிரையை விலக்கிவிட்டு மற்றவற்றின் விகிதத்தை அப்படியே வைத்துக் கணக்கிட்டால், மூன்றில் இரண்டு பங்கு வருகிறது. அதற்குக் கிடைக்கும் இட விலை 6/5. மூன்றில் இரண்டு முறை நடக்கக்கூடிய ஒன்றுக்கு, கட்டியதைவிட அதிகமாகக் கொடுக்கும் விலை! ஃபேவரிட்டின் ஆதிக்கம் மற்றவற்றின் வெற்றி விலையை மேலே தள்ளுகிறது. வெற்றி விலை ஏற, இட விலையும் கூடவே ஏறுகிறது. ஆனால் ஃபேவரிட் எடுத்துக்கொள்ளப்போவது ஓர் இடத்தைத்தான். மற்ற இரண்டு இடங்களும் காலியாகக் கிடக்கின்றன.

புக்மேக்கர்களுக்கு இது தெரியாதா என்று கேட்கலாம். நன்றாகவே தெரியும். இத்தகைய பந்தயங்களில் மட்டும் ஈச்-வே எழுதும் வாடிக்கையாளரை அவர்கள் விரைவில் அடையாளம் கண்டு, அவர் வைக்கக்கூடிய தொகையைக் குறைத்துவிடுவார்கள். பொதுவில் அறிவித்த விதிக்குள் நின்று, கவனமாகக் கணக்குப் போட்டு வைக்கும் பந்தயத்தை ஏதோ குற்றம்போல நடத்துவது நியாயமற்றது என்பது என் உறுதியான கருத்து. அடிக்கடி தோற்பவரை வரவேற்று, எண்ணத் தெரிந்தவரை வாசலில் நிறுத்துவது எந்த வணிகத்துக்கும் அழகல்ல.

இனி வேகமாகச் சில விவரங்கள். விலை எடுத்த பிறகு ஒரு குதிரை விலகினால், ‘ரூல் 4’ என்ற விதிப்படி, விலகிய குதிரையின் விலைக்கு ஏற்ப நம் இலாபத்திலிருந்து பவுண்டுக்கு இத்தனை பென்ஸ் என்று கழிப்பார்கள். விலகியது 2/1 குதிரை என்றால் 30 பென்ஸ், 14/1க்கு மேல் என்றால் கழிவில்லை. கழிவு வெற்றி, இடம் ஆகிய இரண்டு பகுதிகளுக்கும் உண்டு. கடைசி இடத்துக்கு இரண்டு குதிரைகள் சமமாக வந்தால் இடப் பகுதியில் வைத்த தொகை பாதியாக்கப்பட்டு, அந்தப் பாதிக்கு முழு விலை தரப்படும். இரண்டு பந்தயங்களின் குதிரைகளை ஒரே சீட்டில் இணைக்கும் ஈச்-வே டபிளில் வெற்றிப் பகுதி வெற்றிப் பகுதியோடும், இடப் பகுதி இடப் பகுதியோடும் மட்டுமே பெருக்கப்படும். ஒரு குதிரை வென்று மற்றது இரண்டாவதாக வந்தால் வெற்றிப் பகுதி முழுவதும் போய்விடும்.

கிராண்ட் நேஷனல் போன்ற பெரிய நாள்களில் கடைகள் ஐந்தாவது, ஆறாவது இடங்களுக்கும் பணம் தருவதாக விளம்பரம் செய்யும்போது, பின்னம் நான்கில் ஒன்றிலிருந்து ஐந்தில் ஒன்றாகக் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்திருந்தாலும் கூடுதல் இடங்கள் பெரும்பாலும் பயனுள்ளவைதான். அந்தப் பந்தயத்தில் ஓடக்கூடிய குதிரைகளின் உச்ச எண்ணிக்கை 2024 முதல் 40இலிருந்து 34 ஆகக் குறைக்கப்பட்டிருக்கிறது. முன்பு சொன்ன இலாபமற்ற கணக்கில், 34 குதிரைகளுக்கு நான்கு இடங்கள் தரும் நான்கில் ஒன்று பவுண்டுக்கு 1 பவுண்டு 9 பென்ஸையும், ஆறு இடங்கள் தரும் ஐந்தில் ஒன்று 1 பவுண்டு 34 பென்ஸையும் திருப்புகின்றன.

பெரிய விலைகளின் மயக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1989ஆம் ஆண்டு எப்சம் டெர்பியில் நாஷ்வான் வென்றது. இரண்டாவதாக வந்த டெரிமான் என்ற குதிரையின் விலை 500/1. ஐந்தில் ஒன்று என்று கொண்டால்கூட இட விலை 100/1. ஒரு பவுண்டு ஈச்-வே எழுதியவருக்கு 101 பவுண்டு. வெற்றிக்கு மட்டும் வைத்தவருக்கு ஒன்றும் இல்லை. இத்தகைய கதைகளைக் கேட்டுவிட்டுப் பட்டியலின் அடியில் இருக்கும் குதிரையைத் தேடிப்போவது எளிது. ஆனால் மிக உயர்ந்த விலையுள்ள குதிரைகள், அந்த விலை சுட்டும் வாய்ப்பைவிடக் குறைவாகவே வெல்கின்றன என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட ஒன்று. நான் தேடுவது 8/1க்கும் 20/1க்கும் நடுவில் இருக்கும் குதிரைகளை. அவற்றுக்கும் முன்னால், ஓடுபவை எத்தனை என்ற எண்ணை.

சென்ற கோடையில் ஒரு சமதளப் பந்தயம், பதினாறு குதிரை ஹேண்டிகேப். 20/1 விலையில் 2 பவுண்டு ஈச்-வே எழுதியிருந்தேன். குதிரைகள் ஸ்டால்களை, அதாவது புறப்படும் கூண்டுகளை நோக்கிப் போகும்போது ஒன்று ஜாக்கியைக் கீழே தள்ளிவிட்டு, கடிவாளம் காற்றில் ஆட, தனியாக வெகுதூரம் ஓடியது. கடையில் எல்லாரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அண்ணையும் நானும் சிரிக்கவில்லை. அது களைத்துவிட்டது என்று விலக்கப்பட்டால் பதினைந்து. நான்காவது இடம் போய்விடும். அதைப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். கால்நடை மருத்துவர் குனிந்து கால்களைத் தடவிப் பார்த்தார், நடக்க வைத்தார், மறுபடியும் தடவினார். பிறகு தலையசைத்தார். ஜாக்கி ஏறினார். பதினாறும் ஸ்டால்களுக்குள் போயின.

என் குதிரை நான்காவதாக வந்தது. ஐந்தாவது குதிரையை ஒரு தலை அளவில்தான் முந்தியிருந்தது. 4 பவுண்டு கட்டியதற்கு 12 பவுண்டு கையில் வந்தது. வெளியே வந்தபோது அண்ணை என் தோளில் கை வைத்து, “உன்ர குதிரை நல்லாத்தான் ஓடினது. எண்டாலும் காசு தந்தது அந்த ஓடித் திரிஞ்ச குதிரைதான் தம்பி” என்றார். அந்தக் குதிரை எத்தனையாவதாக வந்தது என்று இருவரும் திரும்பித் திரையைப் பார்த்தோம். பதினாறாவது.